“கேஸ் கம்மிம்மா!” - கிள்ளான் சமையற்கட்டில் ஒரு சனிக்கிழமை

சனிக்கிழமை விடியற்காலை 5 மணிக்கு அப்பா கைப்பேசியில் அழைத்தால் அது நல்ல செய்தியாக இருந்ததே இல்லை. அன்றைக்கும் அப்படித்தான்.

“பெட்டி பதினாலு காட்டுதும்மா” என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. எனக்கும் சொல்லத் தேவையில்லை.

கிள்ளானில் எங்கள் குடும்பம் 19 ஆண்டுகளாக ஒரு வாழை இலை உணவகம் நடத்துகிறது. வார நாள்களில் நான் ஷா ஆலாமில் கணக்காய்வு வேலை. சனி, ஞாயிறுகளில் கடைக் கல்லாவும் கணக்குப் புத்தகமும் என் பொறுப்பு. அப்பா ‘பெட்டி’ என்று சொல்வது பின்கட்டில் நிற்கும் நான்கு கதவு எவர்சில்வர் சில்லரை. ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு, மூடப்போன ஒரு கடையிலிருந்து பழையதாக வாங்கியது. அதன் கதவுக்கு மேலே சிவப்பு எழுத்தில் 3 அல்லது 4 என்று தெரியவேண்டும். அன்று தெரிந்தது 14.

அன்றிரவுதான் 250 பேருக்கு ஒரு திருமண வரவேற்பு விருந்து. மட்டன் வருவல், கோழிப் பெரட்டல், பொரித்த தெங்கிரி மீன். கோழியும் மட்டனும் தனியாக உறைபெட்டியில் இருந்ததால் தப்பின. ஆனால் 22 கிலோ தெங்கிரியைத் துண்டு போட்டு, மஞ்சளும் மிளகாயும் தடவி, வெள்ளிக்கிழமை இரவே சில்லரில் அடுக்கியிருந்தார்கள். இரவு 10 மணிக்குக் கடையைப் பூட்டும்போதே 9 காட்டியதாம். “கதவைத் திறந்து திறந்து மூடினதால இருக்கும்” என்று விட்டுவிட்டார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது அப்பா ஒரு தட்டை வெளியே இழுத்து மீனை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“வாடையே இல்லம்மா. நல்ல எண்ணெய்ல முறுகலா பொரிச்சா ஒண்ணும் செய்யாது.”

உணவகம் நடத்துபவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த வாக்கியம் புதிதல்ல. கொதிக்கவைத்தால் போகாத கிருமி உண்டா என்பது நம் சமையற்கட்டுகளின் நம்பிக்கை. பெரும்பாலான கிருமிகளுக்கு அது உண்மையும்கூட. ஆனால் கிருமி செத்தாலும் அது விட்டுச்செல்லும் பொருள் சாவதில்லை. தெங்கிரி, கெம்போங், சூரை போன்ற மீன்களை வெப்பத்தில் வைத்தால், அவற்றின் சதையில் உள்ள ஒரு சத்தைப் பாக்டீரியா ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அதன்பின் பொரித்தாலும் சரி, குழம்பில் கொதிக்கவைத்தாலும் சரி, அது அழியாது. உறையவைத்தாலும் போகாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவக்கும், தலை வலிக்கும், உடம்பெல்லாம் அரிக்கும். பலர் அதை ‘மீன் ஒவ்வாமை’ என்று நினைத்துக்கொண்டு பிறகு மீன் பக்கமே போவதில்லை. முக்கியமான விஷயம், இப்படிக் கெட்ட மீனில் வாடை வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இதை நான் கணக்காய்வு அலுவலகத்தில் கற்கவில்லை. உணவு கையாள்பவர்கள் கட்டாயம் போகவேண்டிய பயிற்சிக்கு அப்பாவும் நானும் சேர்ந்துதான் போனோம். அப்பா முதல் அரைமணி நேரத்திலேயே கண்ணயர்ந்துவிட்டார். நான் விழித்திருந்தேன். 5 டிகிரிக்கு மேலே, 60 டிகிரிக்குக் கீழே உணவு நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் ஆபத்து என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

“ஏழு மணி நேரம்பா. இருநூத்தம்பது பேரு. அதுல பிள்ளைங்க எத்தன பேரு?”

அப்பா பதில் சொல்லவில்லை. தட்டை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போய் ஐந்தடியில் நின்றார். (கிள்ளானில் கடை முன் நடைபாதைக்கு அதுதான் பெயர்.) ஆயிரம் வெள்ளிக்கு மேல் போன மீன் அது. திரும்பி வந்தவர், கறுப்புக் குப்பைப் பையை அவரே விரித்தார். பையனிடம் சொல்லவில்லை. மீன், தயிர், தேங்காய்ப்பால், அரைத்து வைத்த மசாலா எல்லாம் போயின. அம்மா இடையில் ஒருமுறை “மசாலாவ மட்டுமாவது...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

அதன்பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது. ஏனென்றால் இந்தப் பெட்டிக்கு அந்த ஆண்டு நாங்கள் ஏற்கெனவே இரண்டு முறை செலவு செய்திருந்தோம்.

முதல் தடவை வந்தவர் பின்பக்கம் ஒரு கேஜை மாட்டி, முள்ளைப் பார்த்து, “கேஸ் கம்மிம்மா” என்றார். கேஸ் ஏற்றினார். 180 வெள்ளி. மறுநாள் பெட்டி ஜில்லென்று இருந்தது. மூன்று வாரம் கழித்து மறுபடியும் 8, 9. இந்த முறை வேறொருவர். அதே கேஜ், அதே முள், அதே வாக்கியம். 220 வெள்ளி. அதுவும் முழுதாக மூன்று வாரம் தாங்கவில்லை. கணக்கு எழுதுகிறவள் நான். 400 வெள்ளியை ‘பராமரிப்பு’ என்ற தலைப்பில் எழுதியபோது ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

பக்கத்துக் காப்பிக் கடை அங்கிள்தான் தன் சில்லரைப் பார்க்கும் மெக்கானிக்கின் எண்ணைக் கொடுத்தார். நாங்கள் கேட்காமலேயே தன் உறைபெட்டியில் இரண்டு தட்டுக்கு இடமும் ஒதுக்கினார். அப்பா மேரு சந்தைக்கு மீன் தேடிப் போனார். மெக்கானிக் அண்ணன் 9 மணிக்கு வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், நிறையப் பேசாதவர்.

அவர் கேஜை எடுக்கவே இல்லை. முதலில் கேள்விகள். எப்போது ஆரம்பித்தது? யார் கை வைத்தது? எவ்வளவு கேஸ் ஏற்றினார்கள்? கடைசிக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. ரசீதில் ‘கேஸ் டாப்-அப்’ என்று மட்டும்தான் இருந்தது.

“வண்டி எண்ணெய் மாதிரி இது எரிஞ்சி தீர்ற பொருள் இல்லம்மா. மூடின குழாய்க்குள்ள அதே கேஸ்தான் சுத்திச் சுத்தி வரும். இருபது வருஷம் ஆனாலும் குறையக்கூடாது. குறைஞ்சிருக்குன்னா எங்கேயோ ஓட்டை இருக்கு. ஓட்டைய அடைக்காம ஊத்துறது, ஓட்டைக் குடத்துல தண்ணி பிடிக்கிறதுதான்.”

அடியிலிருந்த மூடியைக் கழற்றி டார்ச் அடித்துக் காட்டினார். வெப்பத்தை வெளியே தள்ளும் கண்டன்சர் அங்கேதான் இருக்கிறது. மெல்லிய தகடுகளாக இருக்கவேண்டியது, சாம்பல் நிறக் கம்பளி போர்த்தியதுபோல் இருந்தது. பக்கத்தில் வடை பொரிக்கும் அடுப்பு. எண்ணெய்ப் புகையும் தூசியும் சேர்ந்து பல மாதமாகப் படிந்திருக்கிறது. வெப்பம் வெளியேற வழியில்லாமல் கம்பிரசர் மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருந்தது. இதை மாதம் ஒருமுறை, மின்சாரத்தை நிறுத்திவிட்டு, தகடுகள் மடங்காதபடி மேலிருந்து கீழாகப் பிரஷ்ஷால் தள்ளினால் போதும் என்றார். இதற்கு மெக்கானிக்கே தேவையில்லையாம். ஒன்பது ஆண்டுகளில் நாங்கள் அந்த மூடியைத் திறந்ததில்லை.

ஆனால் இது பாதிக் காரணம்தான். உள்ளே, காற்றாடிக்குப் பின்னால் இருக்கும் குளிர்ச்சுருளைத் திறந்தார். முழுச் சுருளும் ஒரே சீராகக் குளிர்ந்திருக்கவேண்டும். எங்கள் சுருளின் ஒரு மூலையில் மட்டும் வெண்பனி, மற்ற பகுதி வெறும் செம்பு. கேஸ் குறைந்திருப்பதற்கு அதுவே சாட்சி. பிறகு ஒவ்வொரு வளைவாக விரலால் தடவிக்கொண்டே போனார். ஒரு வளைவில் நின்று, விரலைக் காட்டினார். எண்ணெய்ப் பிசுக்கு. கம்பிரசருக்கான எண்ணெயும் கேஸோடு சேர்ந்தே குழாயில் பயணிக்கிறது, ஓட்டை வழியே கேஸ் கசியும்போது எண்ணெயும் கொஞ்சம் கசியும். சவர்க்கார நுரையைத் தடவினார். சில விநாடிகளில் சின்னச் சின்னக் குமிழிகள் வந்தன. ஊசிமுனை அளவு ஓட்டை. அதைக் கண்டுபிடிக்க அவருக்கு ஆனது 25 நிமிடம்.

“இதுக்குள்ள புளி, ஊறுகாய், வினிகர் எல்லாம் திறந்தே வைப்பீங்களா?”

அம்மாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கரைத்த புளி ஒரு வாளி, வினிகர் போட்ட வெங்காய அச்சார் ஒரு தட்டு, எலுமிச்சை, தக்காளி எல்லாம் மூடியில்லாமல்தான் இருக்கும். அந்தப் புளிப்பு ஆவி ஈரத்தோடு சேர்ந்து மாதக்கணக்கில் செம்புக் குழாயை அரிக்கிறதாம். குழாய் பச்சையும் கறுப்புமாக நிறம் மாறியிருந்ததைக் காட்டினார். முந்தைய இரண்டு பேர்மேல் நான் வளர்த்து வைத்திருந்த கோபத்தில் பாதி அங்கேயே இறங்கிவிட்டது. அவர்கள் ஓட்டையைத் தேடவில்லை என்பது உண்மை. ஆனால் ஓட்டையைப் போட்டது நாங்கள்.

பழுதுபார்த்த வேலையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். முதலில் மிச்சமிருந்த கேஸைத் தனி உருளைக்குள் இழுத்துத் தராசில் வைத்தார். பெட்டியின் தகட்டில் ‘ஆர்-134ஏ, 520 கிராம்’ என்று எழுதியிருக்கிறது. மிச்சம் இருந்தது 210. காற்றில் போன இந்த வாயு, அதே எடையுள்ள கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 1,400 மடங்கு அதிகமாகப் பூமியைச் சூடாக்கக்கூடியது. இதைக் கையாள்பவருக்குச் சுற்றுச்சூழல் துறை அங்கீகரித்த சான்றிதழ் வேண்டும் என்பது இங்கே சட்டம். அண்ணனின் அட்டை கழுத்தில் தொங்கியது. முன்பு வந்தவர்களிடம் நாங்கள் கேட்டதே இல்லை.

பிறகு குழாயைச் சுத்தம் செய்து, வெள்ளி கலந்த கம்பியால் ஓட்டையைப் பற்றவைத்தார். நைட்ரஜன் ஏற்றி, வேறு கசிவு உண்டா என்று முள் அசைகிறதா இல்லையா பார்த்துக்கொண்டு அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். டிரையரை மாற்றினார். வேக்கம் பம்ப்பை ஓடவிட்டு மறுபடியும் முக்கால் மணி நேரம் காத்திருந்தார். குழாய்க்குள் துளி ஈரம் இருந்தாலும் அது உறைந்து வழியை அடைக்கும், எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி உள்ளிருந்தே அரிக்கும் என்பதால் அதை உறிஞ்சி எடுக்கவேண்டுமாம். கடைசியில் தராசில் நிறுத்தி, சரியாக 520 கிராம் ஏற்றினார். பார்ப்பவர்களுக்கு அவர் பாதி நேரம் வேலையே செய்யாததுபோல் இருக்கும். அந்தக் காத்திருப்புக்குத்தான் காசு என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

இதற்கிடையில் அப்பா திரும்பியிருந்தார். தெங்கிரி 14 கிலோதான் கிடைத்தது, மீதிக்குச் சிவப்பு மீன். பொட்டலங்களை ஐஸ் நிரப்பிய வெள்ளைப் பெட்டிகளில் வைத்துவிட்டு, மாப்பிள்ளை வீட்டாரை அழைத்தார். கையிலிருந்த மீனைக் கொட்டிவிட்டதையும், இரண்டு வகை மீன் வரும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். எதிர்முனையில் கொஞ்ச நேரம் அமைதி. பிறகு “மத்ததெல்லாம் நல்லாதானே இருக்கு?” என்று இரண்டு முறை கேட்டார்களாம். இரண்டு முறையும் அப்பா “நல்லா இருக்கு” என்றார். அழைப்பைத் துண்டித்தபின், உறைபெட்டியைத் திறந்து கோழியை இன்னொருமுறை கையால் அழுத்திப் பார்த்தார்.

வீட்டுப் பெட்டிக்கும் இதே கதைதான் என்று அண்ணன் போகிறபோக்கில் சொன்னார். இன்றைய வீட்டுப் பெட்டிகள் பலவற்றில் இருப்பது ஆர்-600ஏ, தீப்பற்றக்கூடிய வாயு. ஐஸைக் கத்தியால் சுரண்டி ஓட்டை போடுவதுதான் அவர் வீடுகளில் அதிகம் பார்க்கும் விபத்தாம். பெட்டியை நிறுத்தி, கதவைத் திறந்து வைத்தால் ஐஸ் தானாகவே இறங்கிவிடும். யாராவது “கேஸ் கம்மி” என்றால், எங்கே கசிகிறது, எத்தனை கிராம் ஏற்றினீர்கள் என்று கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்பவரை அனுப்பிவிடலாம். இது என் கருத்து, அவருடையதல்ல. அவர் சக தொழிலாளிகளைப் பற்றி ஒரு வார்த்தைகூடத் தவறாகப் பேசவில்லை.

மதியம் 2 மணிக்குப் பெட்டி ஓட ஆரம்பித்தது. மாலை 5 மணிக்குச் சிவப்பு எழுத்தில் 4. எல்லாம் சேர்த்து 650 வெள்ளி. ரசீதில் கசிவு எங்கே, எத்தனை கிராம், என்ன தேதி என எல்லாம் இருந்தது. அதோடு அவர் இன்னொன்றும் சொன்னார்:

“நான் அடைச்சது ஒரு ஓட்டை. அரிச்ச குழாய்ல அடுத்தது எப்ப வரும்னு சொல்ல முடியாது. மேல்பூச்சுப் போட்ட புதுச் சுருளா மாத்திடுங்க. இன்னிக்கே வேணாம், ஆனா தள்ளிப்போடாதீங்க.”

விருந்து நடந்தது. மீன் தீர்ந்துபோனது, சிவப்பு மீன்தான் முதலில்.

இப்போது புளி வாளிக்கு மூடி வந்துவிட்டது. அச்சார் கண்ணாடிப் போத்தலுக்குள் போய்விட்டது. பெட்டிக்குள் 12 வெள்ளித் தெர்மாமீட்டர் ஒன்று தொங்குகிறது. கதவில் ஒட்டிய தாளில் காலையும் இரவும் அப்பா எண்ணை எழுதுகிறார். 6 என்று எழுதிய ஒருநாள், இரவு 11 மணிக்கு என்னை அழைத்தார். யாரோ கதவைச் சரியாகச் சாத்தவில்லை, அவ்வளவுதான். புதுச் சுருளுக்கு முன்பணம் கட்டியாயிற்று. அடுத்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்து மாட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அன்று மதியம்வரை கடை திறக்காது.