மூக்கில் தொடங்கும் காதுவலி

தமிழ்நாட்டின் வடகோடியில், பழவேற்காடு ஏரிக்கு அணித்தே உள்ள ஊர் ஆரம்பாக்கம். அவ்வேரி கடலோடு கலக்கும் முகத்துவாரம் மணலால் தூர்ந்துவிடின் நீரோட்டம் தடைப்படும் என்பதை அப்பகுதி மீனவர் நன்கு அறிவர். குழந்தைகளின் காதிலும் இதனை ஒத்ததொரு நிகழ்ச்சி உண்டு.

செவிப்பறைக்கு உட்புறம் காற்று நிறைந்த சிற்றறை ஒன்றுள்ளது. அதுவே நடுச்செவி. மூக்கின் பின்புறத்திலிருந்து யூஸ்டேக்கியன் குழல் என்னும் குறுகிய வழி அதனுள் சென்று திறக்கிறது. பெரியவர்களிடம் இக்குழல் நீண்டு சரிந்திருக்கும். குழந்தைகளிடமோ குட்டையாகவும் ஏறக்குறையக் கிடையாகவும் இருக்கும். சளி பிடித்தால் குழல் வீங்கி அடைபடுகிறது. நடுச்செவியில் நீர் தேங்குகிறது. மூக்கிலும் தொண்டையிலும் தீங்கின்றி இருந்த பாக்டீரியாக்கள் அந்நீரில் பெருகுகின்றன. 'ஏரியில் குளித்ததால் வந்த வலி' என்று கூறுவது ஆகவே பெரும்பாலும் பொருந்தாது. பறையில் துளை இல்லாதவரை வெளிநீர் நடுச்செவியை எட்டாது.

இந்நோய்க்குக் காரணமான பாக்டீரியாக்களுள் முதன்மையானவை நிமோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுயன்ஸா, மொராக்செல்லா ஆகிய மூன்று. இவற்றுள் நடுவிலுள்ளதன் பெயர் ஒரு பிழையால் வந்தது. இன்ஃபுளுயன்ஸா காய்ச்சலுக்கு இதுவே காரணம் என 1892இல் பைஃபர் என்னும் ஜெர்மானிய அறிஞர் கருதினார். அக்கருத்து பின்னர் மறைந்தது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது!

பேசத் தெரிந்த பிள்ளை வலியைச் சொல்லிவிடும். கைக்குழந்தையோ காதைப் பற்றி இழுக்கும், படுக்க வைத்தால் வீறிட்டழும், பால் குடிக்க மறுக்கும், காய்ச்சலும் காணும். பிறகு ஒருநாள் காதிலிருந்து சீழ் வடியும். வலி சட்டெனத் தணியும். நோய் நீங்கிற்று என்று வீட்டார் மகிழ்வர். உண்மையில், உள்ளே மிகுந்த அழுத்தத்தால் பறை கிழிந்து வழிவிட்டிருக்கிறது. மருத்துவரை நாட வேண்டிய வேளை அதுவே. எண்ணெய் காய்ச்சி ஊற்றும் வேளை அன்று.

பெரும்பாலான கிழிசல்கள் தாமே ஆறிவிடும். ஆறாதவை நாட்பட்ட சீழ்க்காதாக மாறும். வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 1999இல் வெளியிட்ட ஆய்வில், கிராமக் குழந்தைகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ 6 பேரிடம் இந்நோய் காணப்பட்டது. இத்தகைய காதில் ஒலி மங்கியே விழும். வகுப்பில் கேட்ட வினாவுக்கு விழித்து நிற்கும் சிறுவனை மந்தபுத்திக்காரன் என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். வினாவே அவன் செவியில் முழுதும் விழுந்திராது. அரிதாகச் சீழ் எலும்பை அரித்து மூளையையும் தாக்குவதுண்டு.

நிமோகாக்கஸ் தடுப்பூசி 2021 முதல் தமிழ்நாட்டில் அரசுத் திட்டத்தின்கீழ் இலவசமாகப் போடப்படுகிறது. 6ஆவது வாரம், 14ஆவது வாரம், 9ஆவது மாதம் என மூன்று தவணைகள். நிமோனியாவைத் தடுப்பதே அதன் முதல் நோக்கம். காதுநோய் முழுவதையும் அது தடுக்காது. எனினும் மூவருள் ஒரு பகைவனின் வலிமையைக் குறைக்கிறது.