சம்கீலா தெரியும்... வரதராஜனைத் தெரியுமா?

விடியக் காலை ஐந்தரை மணிக்கு சிலமலையில் ஜீப்புக்குக் காத்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கையில் தூக்குச்சட்டி, தலையில் சுற்றிய துண்டு. போடி போய், போடிமெட்டு ஏறி, ஏலத்தோட்டத்தில் காயெடுத்துவிட்டுப் பொழுது சாய இறங்குவார்கள். அன்று நானும் அந்த ஜீப்பில் ஒண்டிக்கொண்டேன். டிரைவர் தம்பி போட்ட பாட்டு தமிழில் இல்லை.

"பஞ்சாபிக்காரன் பாட்டுண்ணே. சம்கீலான்னு படம் வந்துச்சே, பாத்தீகளா?"

"என்ன பாடுறான்னு புரியுதாக்கும்?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"அது எதுக்குத்தா? கேக்க நல்லாருக்குல்ல!"

நியாயந்தான். 2024-இல் இம்தியாஸ் அலி எடுத்த அந்தப் படத்துக்கு இசை நம்ம ஏ.ஆர்.ரஹ்மான். படம் சொன்ன கதைதான் எனக்குள் ஊசியாய்க் குத்திக்கொண்டிருந்தது. லூதியானா பக்கத்து துக்ரி கிராமத்தில் 1960-இல் பிறந்த தலித் பையன். துணி மில்லில் வேலை பார்த்தவன். அமர்சிங் சம்கீலா என்ற பெயரில் தும்பி என்கிற ஒற்றைக் கம்பி வாத்தியத்தோடு ஊர் ஊராகப் பாடினான். கல்யாண வீடுதான் மேடை. குடி, கள்ள உறவு, மச்சினி கேலி என்று வீட்டுக்குள் நடப்பதையெல்லாம் பாட்டாக்கினான். ஆபாசம் என்று ஏசியவர்கள் ஏச, கேசட் விற்றபடி விற்றது. 1988 மார்ச் 8 அன்று மெஹ்சம்பூரில் கச்சேரிக்கு வந்து இறங்கியபோது, உடன் பாடும் மனைவி அமர்ஜோத்தோடு சுட்டுக் கொல்லப்பட்டான். வயது 27. சுட்டது யாரென்று இன்றுவரை தீர்ந்தபாடில்லை.

சிலமலையிலிருந்து மலைக்கு ஏறாமல் தெற்கே பஸ் பிடித்தால், ராசிங்காபுரம், தேவாரம் தாண்டிப் பண்ணைப்புரம். அங்கேயும் ஓர் அமர்சிங் பிறந்தார். கங்கை அமரனுக்கு வீட்டில் வைத்த பெயர் அதுதான். அவரும் அண்ணன்கள் இளையராஜாவும் பாஸ்கரும் முதலில் மேடையேறியது தங்கள் மூத்த அண்ணனின் கச்சேரியில். பாவலர் வரதராஜன்! சம்கீலாவை அறிந்த நம் டிரைவர் தம்பிக்கு இந்தப் பெயர் தெரியவில்லை. "இளையராஜா அண்ணனா?" என்று கேட்டார். அவர் புகழ் அந்த அளவில்தான் நிற்கிறது.

வரதராஜன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைப் பாடகர். எழுதுவார், ஆர்மோனியம் வாசிப்பார், பாடுவார். ஊர் முழுக்க முணுமுணுக்கும் சினிமா மெட்டை எடுத்துக்கொண்டு, அதில் கூலியையும் பசியையும் எதிர்க்கட்சிக்காரரின் குட்டையும் ஏற்றிவிடுவார். எழுதப் படிக்கத் தெரியாத கூட்டத்துக்கு நோட்டீஸ் அடித்து என்ன செய்ய? மெட்டு ஏற்கெனவே வாயில் இருக்கிறது. புது வார்த்தை அதில் தொற்றிக்கொண்டு வீடுவரை போய்விடும். பெண் குரல் வேண்டிய இடத்தில் சிறுவன் ராஜா பாடினான். குரல் உடைந்ததும் அந்த வேலை அடுத்த தம்பிக்குப் போனது. அண்ணன் இல்லாத நேரத்தில் ஆர்மோனியத்தைத் தொட்டதற்குக் கையில் பிரம்படி வாங்கிய கதையை இளையராஜாவே சொல்லியிருக்கிறார்.

அவர் பாட்டின் பலம் தெரிந்தது 1958-இல், இதே மலைக்கு மேலே. முந்தைய ஆண்டு கேரளத்தில் 126 இடங்களில் 60-ஐ வென்று, ஐந்து சுயேச்சைகளின் தயவில் ஆட்சிக்கு வந்திருந்தார் கம்யூனிஸ்ட் தலைவர் ஈ.எம்.எஸ். தேவிகுளத்தில் கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் ஜெயித்தது செல்லாதென்று தீர்ப்பாகி, இடைத்தேர்தல் வந்தது. ஒரு தொகுதி என்றாலும் ஆட்சிக்கே சோதனை. வாக்காளர்களில் பெருங்கூட்டம் தேயிலை, ஏலத்தோட்டத் தமிழர்கள். தேவிகுளம், பீர்மேடு தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்ற போராட்டத்தின் காயம் ஆறாத நேரம். மலையாளத்தில் பேசி ஓட்டு விழாது.

கட்சி வரதராஜனை மேலே அழைத்தது. பனியில், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாக, வேலை முடிந்து வந்த ஜனங்களுக்கு முன்னால் அவர் பாடினார். கீழே கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஏறிப்போன ஜனத்துக்குத் தங்கள் ஊர்ப் பேச்சே பாட்டாக வந்தால் எப்படி இருந்திருக்கும்! ரோசம்மா 7,000 சொச்சம் ஓட்டில் ஜெயித்தார். வெற்றிக்கூட்டத்தில், இந்தப் பெருமை பாவலருக்கே என்று ஈ.எம்.எஸ். சொன்னதாக இந்தப் பக்கம் இன்றும் ஒரு பேச்சு உண்டு. கொஞ்சம் கூட்டிச் சொல்கிறார்களோ என்னவோ. பாட்டு மட்டுமே தேர்தலை ஜெயித்துவிடாது. சங்கம் கட்டிய உழைப்பும் இருக்கிறது. ஆனாலும் முழுப்பொய்யாக இருக்காது என்பது என் கட்சி.

1968-இல் தம்பிகள் சென்னைக்குக் கிளம்பினார்கள். அம்மா சின்னத்தாய் ரேடியோவை விற்று 400 ரூபாய் கொடுத்து அனுப்பினார். மூத்தவர் சினிமாவுக்குப் போகவில்லை. 1976-இல் 'அன்னக்கிளி' வந்தபோது அவர் உயிரோடும் இல்லை. பிறகு பாஸ்கர் படக்கம்பெனி தொடங்கியபோது அதற்குப் பாவலர் கிரியேஷன்ஸ் என்று பேர் வைத்தார்கள். 'அலைகள் ஓய்வதில்லை' அந்தக் கம்பெனிப் படம். அண்ணன் பேர் இப்படித் திரையில் வந்தது. அவர் குரல் வரவில்லை.

சம்கீலாவுக்கும் இவருக்கும் விதி பிரிகிற இடம் அதுதான். அங்கே எச்.எம்.வி. கம்பெனி பாட்டை ரிக்கார்டு செய்தது. லாரி டிரைவர்கள் வாங்கினார்கள். ஆள் போன பிறகும் பாட்டு ஓடுகிறது. இங்கே பாட்டு தேர்தலுக்காகப் பிறந்து, தேர்தலோடு மேடையைவிட்டு இறங்கியது. மெட்டும் சினிமாவுக்குச் சொந்தம் என்றால் கேசட் போடுவது யார்?

ஜீப் போடிமெட்டு ஏறும்போது, பின்னால் இருந்த பாட்டி ஒருவர் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, "எங்கய்யா பாடுவாரு, கட்சிப் பாட்டு. பாதிதான் ஞாபகம்" என்றார். பாடச் சொன்னோம். வெட்கப்பட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

போடி, தேவாரம், பூப்பாறை, மூணாறு பக்கம் உங்கள் வீட்டில் எண்பதை ஒட்டிய பெரியவர் யாராவது இருக்கிறாரா? வருகிற ஞாயிற்றுக்கிழமை, பக்கத்தில் உட்கார்ந்து 1958 தேர்தல் பாட்டு ஞாபகம் இருக்கிறதா என்று கேளுங்கள். பாதிப் பாட்டு வந்தாலும் போதும். கேட்பதற்கு முன்னால் போனில் ரிக்கார்டிங் பட்டனை அமுக்கிவிடுங்கள்.