மாத்திரை சரி... மரியாதை?

ஏ.ஆர்.டி. மையத்துக்கு மருந்து வாங்க வருகிறவர்களிடம், 'சிகிச்சை திருப்தியா இருக்கா?' என்று கேட்டால், 'நல்லா இருக்குங்க' என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். உயிரைக் காக்கும் மருந்தை இலவசமாகக் கொடுக்கும் இடத்திலேயே உட்கார்ந்துகொண்டு, அதைக் கொடுக்கிறவரிடமே குறை சொல்ல யாருக்கு மனம் வரும்?

அந்த பதில் முழுப் பொய்யும் கிடையாது. எச்.ஐ.வி-யோடு இருபது ஆண்டுகளாக வாழ்கிறவர்களுக்கு, பழைய நாள்கள் நன்றாக நினைவிருக்கும். இந்தியாவில் இந்தத் தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986-ல், நம் சென்னையில்தான். டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் செய்த ஆய்வில் அது வெளிவந்தது. அதன்பிறகு நீண்டகாலம், கையில் காசிருந்தவர்களுக்கு மட்டுமே மருந்து. 2004 ஏப்ரல் 1 முதல்தான் அரசு கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. முதலில் தொடங்கிய எட்டு மருத்துவமனைகளில் தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒன்று.

ஆனால், அன்றைய மருந்துகள் லேசில் விடவில்லை. ஸ்டாவுடின் சாப்பிட்டவர்களில் பலருக்குக் கன்னம் ஒட்டி, கைகால் சூம்பிப்போனது. முகத்தைப் பார்த்தே ஊர் கண்டுபிடித்துவிடுமோ என்று பயந்தார்கள். ஸிடோவுடின் சிலருக்கு ரத்தசோகையைக் கொடுத்தது. எஃபாவிரென்ஸ் போட்டால் தலைசுற்றலும் விபரீதக் கனவுகளும் வந்தன. இன்று டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, தினம் ஒருவேளை. சிலருக்கு எடை கூடுகிறது. 'உடம்பு தேறிட்டியே' என்று பக்கத்து வீட்டில் சொல்லும்போது அதுகூட சந்தோஷமாகத்தான் இருக்கும். என்றாலும், எடையையும் சர்க்கரையையும் கவனிக்க வேண்டும்.

மாத்திரையில் குறை குறைந்துவிட்டது. மற்றதில்தான் சிக்கல்.

உள்ளூரிலேயே மையம் இருந்தும், இரண்டு பஸ் மாறி அடுத்த மாவட்டத்துக்குப் போகிறவர்கள் உண்டு. வரிசையில் சொந்தக்காரர் யாராவது பார்த்துவிட்டால்? அன்றைய கூலி போகும். வீட்டில் ஒரு பொய்யும் சொல்ல வேண்டும். வாங்கிய டப்பாவின் லேபிளைக் கிழித்துவிட்டு, மாத்திரை குலுங்கும் சத்தம் கேட்காமலிருக்கப் பஞ்சு அடைத்து எடுத்துப்போகிறவர்களும் இருக்கிறார்கள். கர்ப்பகாலப் பரிசோதனையிலோ, கணவர் படுக்கையில் விழுந்த பிறகோதான் தனக்குத் தொற்று இருப்பதையே அறிந்த பெண்களுக்கு இந்தச் சுமை இன்னும் அதிகம். மாமியார் வீட்டு அலமாரியில் எந்தப் பொருளுக்குத்தான் பூட்டு இருக்கிறது?

இவர்களுக்கு இரண்டு மூன்று மாத மருந்தை மொத்தமாகக் கொடுப்பது எவ்வளவு பெரிய உதவி! கொரோனா ஊரடங்கின்போது அப்படிக் கொடுத்தார்கள். பெரிய மையத்தில் ஆரம்பித்த சிகிச்சையை, உடல்நிலை சீரான பிறகு வீட்டுக்குப் பக்கத்திலுள்ள இணைப்பு மையத்தில் தொடரவும் வழி இருக்கிறது. பக்கத்திலேயே போவதா, யாருக்கும் தெரியாத தூரத்துக்குப் போவதா என்பதை அவர்களே முடிவு செய்ய விடுவதுதான் நியாயம்.

ஏ.ஆர்.டி. மையத்தில் ஆலோசகர் பெயர் சொல்லி நலம் விசாரிப்பார். அதே நோயாளி பல் பிடுங்கவோ, கர்ப்பப்பை ஆபரேஷனுக்கோ வேறு பிரிவுக்குப் போகும்போதுதான் கதை மாறும். 'உங்களைக் கடைசியாப் பாத்துக்கலாம்' என்று ஓரமாக உட்காரவைப்பது, கேஸ் ஷீட்டில் பெரிதாக எழுதி வைப்பது, வராந்தாவில் எல்லோர் காதிலும் விழும்படி கேள்வி கேட்பது... நோயாளியின் மனதில் எல்லாமே 'ஆஸ்பத்திரி' என்ற ஒரே கணக்கில்தான் சேரும்.

அந்தக் கணக்கு உயிரோடு விளையாடும். ஒருமுறை அவமானப்பட்டவர் அடுத்த மாதம் வராமல் போகலாம். மருந்து விட்டுவிட்டு சாப்பிட்டால் வைரஸ் மறுபடி பெருகும்; மருந்துக்கு அடங்காததாகவும் மாறும். பிறகு இரண்டாம் கட்ட மருந்துதான். ஒழுங்காகச் சாப்பிட்டு, வைரல் லோடு பரிசோதனையில் வைரஸ் தென்படாத அளவுக்குக் குறைந்த நிலை நீடித்தால், தாம்பத்ய உறவின் மூலம் துணைக்குத் தொற்று பரவாது. இது உலக அளவில் நிரூபணமான உண்மை. இதை எடுத்துச்சொல்ல ஆலோசகருக்குப் பத்து நிமிடம் கிடைத்தால், ஒரு குடும்பமே நிம்மதியாகத் தூங்கும். கூட்ட நாளில் அந்தப் பத்து நிமிடம்தான் முதலில் அடிபடுகிறது.

திருப்தியை அளக்க நினைக்கிறவர்கள், மருந்து கொடுக்கும் கையாலேயே படிவத்தையும் நீட்டாமல் இருப்பது நல்லது. 'திருப்தியா?' என்று பொதுவாகக் கேட்பதைவிட, 'எவ்வளவு நேரம் காத்திருந்தீங்க? உங்க விஷயம் வேற யார் காதுலயாவது விழுந்துச்சா? வேற பிரிவுல வைத்தியம் பார்க்க மறுத்தாங்களா?' என்று கேட்டால் உண்மை வெளிவரும்.

வைத்தியம் பார்க்க மறுப்பதும், பாரபட்சம் காட்டுவதும், சம்மதம் இல்லாமல் நோயை வெளியே சொல்வதும் சட்டப்படி தவறு. எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2017-ல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கிறது. புகார்களை விசாரிக்க மாநில அளவில் குறைதீர்ப்பாளரை நியமிக்கவும் அதில் இடமுண்டு. சந்தேகம் எதுவானாலும், கட்டணமில்லாத 1097 எண்ணில் கேட்கலாம்.