வழிகாட்டும் வரைபடத்தின் விலை

கோயம்புத்தூரிலிருந்து வாளையாறு வழியாகப் பாலக்காட்டுக்கும், உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு வழியாக மறையூருக்கும், தேனி மாவட்டத்திலிருந்து போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக இடுக்கிக்கும் காரில் சென்று வருவோர் நம் வாடிக்கையாளர்களில் பலர் உண்டு. ஏலத்தோட்டம் வைத்திருப்பவர்கள், வணிகர்கள், உறவினர் வீட்டுக்குச் செல்பவர்கள், சுற்றுலாப் பயணிகள், ஐயப்ப பக்தர்கள் என அவர்கள் பலவகையினர். இவர்களுடைய கார்களில் வழிகாட்டும் ஜிபிஎஸ் கருவி இருப்பது இன்று புதுமையன்று. அந்தக் கருவி சில ஆண்டுகள் கழித்து, வரைபடத்தைப் புதுப்பிக்குமாறு கேட்கிறது. அதற்கு ஒரு தொகையையும் குறிப்பிடுகிறது. கைபேசியில் செலவின்றிக் கிடைக்கும் ஒன்றுக்கு ஏன் பணம் கொடுக்க வேண்டும் என்ற கேள்வி இயல்பாகவே எழும். அந்தத் தொகையைக் கொடுப்பதா வேண்டாமா என்பதை முடிவு செய்வதற்கு, நாம் எதற்காகப் பணம் கொடுக்கிறோம் என்பதை முதலில் அறிந்துகொள்வது நன்று.

எது இலவசம், எதற்கு விலை?

ஜிபிஎஸ் என்பது அமெரிக்க அரசு இயக்கும் செயற்கைக்கோள் அமைப்பு. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவரும் இந்தச் செயற்கைக்கோள்கள் ஓயாமல் நேரக் குறிப்புகளை அனுப்புகின்றன. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் குறிப்புகள் கிடைத்தால், நம் கருவி தான் இருக்கும் இடத்தைக் கணக்கிட்டுவிடும். பொதுமக்களுக்குக் கிடைத்துவந்த குறிப்புகளில் வேண்டுமென்றே சேர்க்கப்பட்டிருந்த பிழை 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் நீக்கப்பட்டது. அதன் பின்னரே காருக்கான வழிகாட்டிகள் பெரிதும் பயன்தரத் தொடங்கின. இந்தியாவும் 2013 முதல் தன் சொந்தச் செயற்கைக்கோள்களைச் செலுத்தி, ‘நாவிக்’ என்ற பெயரில் இத்தகைய அமைப்பொன்றை உருவாக்கியுள்ளது. இந்தக் குறிப்புகளைப் பெறுவதற்கு எவரும் கட்டணம் செலுத்துவதில்லை.

ஆனால் செயற்கைக்கோள் தருவது அட்சரேகை, தீர்க்கரேகை என்ற எண்களை மட்டுமே. அந்த எண் போடிமெட்டுச் சாலையில் உள்ள ஒரு வளைவைக் குறிக்கிறது என்பதையும், அடுத்த பிரிவில் இடப்புறம் திரும்ப வேண்டும் என்பதையும் சொல்வது வரைபடம். சாலைகள், ஒருவழிப் பாதைகள், திரும்பக்கூடாத இடங்கள், பாலங்கள், பெட்ரோல் நிலையங்கள், ஊர்ப்பெயர்கள் ஆகிய அனைத்தையும் மனிதர்கள் நேரில் சென்று திரட்டுகிறார்கள். பின்னர் சரிபார்த்துப் பதிகிறார்கள். நாம் கொடுக்கும் விலை இந்த உழைப்புக்கு உரியது.

அந்த உழைப்பின் மதிப்பு சிறியதன்று. 2008ஆம் ஆண்டில் டாம்டாம் நிறுவனம் டெலி அட்லஸ் என்ற வரைபட நிறுவனத்தை ஏறத்தாழ 290 கோடி யூரோ கொடுத்து வாங்கியது. அதே ஆண்டில் நோக்கியா, நாவ்டெக் என்ற மற்றொரு வரைபட நிறுவனத்தை 810 கோடி டாலருக்கு வாங்கியது. நம் நாட்டில் 1995ஆம் ஆண்டு முதல் எண்முறை வரைபடங்களைத் தயாரித்துவரும் மேப்மைஇந்தியா, 2021 டிசம்பரில் பங்குச்சந்தையில் இடம்பெற்றது. வரைபடத் தயாரிப்புக்கு முன்பு இருந்த முன்அனுமதிக் கட்டுப்பாடுகளை மத்திய அரசு 2021 பிப்ரவரி 15 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் பெருமளவு தளர்த்தின.

எல்லைச் சாலைகளில் வரைபடம் ஏன் விரைவில் பழையதாகிறது?

சமவெளியில் பழகிய சாலையில் மட்டும் செல்பவருக்கு ஐந்தாண்டுப் பழைய வரைபடமும் ஓரளவு போதும். மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடப்பவருக்கு அவ்வாறு இருப்பதில்லை.

பாலக்காடு – திருச்சூர் வழியில் உள்ள குதிரான் குன்று இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்குள்ள இரட்டைச் சுரங்கப்பாதையில் முதலாவது 2021 ஜூலை 31 அன்றும், இரண்டாவது 2022 ஜனவரியிலும் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டன. அதற்கு முந்தைய வரைபடம் குன்றின் மேலேறும் பழைய சாலையை மட்டுமே அறியும். சுரங்கத்துக்குள் செயற்கைக்கோள் குறிப்புகள் எட்டுவதில்லை. அங்கே ஒரு சுரங்கம் இருக்கிறது என்று வரைபடம் அறிந்திருந்தால்தான் கருவி தொடர்ந்து வழிகாட்ட இயலும். அதே வழியில் பன்னியங்கரைச் சுங்கச்சாவடி 2022 மார்ச்சில் கட்டணம் வசூலிக்கத் தொடங்கியது. பழைய வரைபடத்தை நம்பிப் பயணச் செலவைக் கணக்கிடுபவருக்கு இந்தக் கட்டணம் தெரியாது.

சாலைகளின் எண்களும் மாறியுள்ளன. 2010ஆம் ஆண்டின் மறுஎண்ணிடலில், பாலக்காட்டின் வழியே செல்லும் தேசிய நெடுஞ்சாலை 47 என்பது 544 ஆயிற்று. மூணாறு, போடிமெட்டு வழியே செல்லும் 49 என்பது 85 ஆயிற்று. மூணாற்றுக்கும் போடிமெட்டுக்கும் இடையே ஏறத்தாழ 42 கிலோமீட்டர் தொலைவு அகலப்படுத்தப்பட்டு, 2024 ஜனவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அந்தப் பணிகள் நடந்த ஆண்டுகளிலேயே கேப் ரோடு பகுதியில் மண்சரிவுகள் ஏற்பட்டுப் போக்குவரத்து நின்றதும் உண்டு. மூணாறு – மறையூர் வழியில் உள்ள பெரியவாரைப் பாலம் 2018 ஆகஸ்டுப் பெருமழையில் இடிந்து, பின்னர் புதிதாகக் கட்டப்பட்டது.

வரைபடத்தில் கோடு இருப்பதால் மட்டும் அது வழியாகிவிடாது என்பதற்கும் இப்பகுதியில் சான்று உண்டு. கொடைக்கானலையும் மூணாற்றையும் பேரிஜம், டாப் ஸ்டேஷன் வழியாக இணைத்த பழைய மலைச்சாலை பல ஆண்டுகளாகப் பொதுப் போக்குவரத்துக்கு மூடப்பட்டுள்ளது. அதை நடப்பிலுள்ள சாலையாகக் காட்டும் வரைபடத்தை நம்பிப் புறப்படுபவர் திரும்பி வந்து, வத்தலக்குண்டு, தேனி, போடி என மலையிறங்கி ஏற நேரிடும். பரம்பிக்குளம் பாலக்காடு மாவட்டத்தில் இருந்தாலும், அங்குச் செல்லும் சாலை தமிழ்நாட்டின் சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகவே உள்ளது. வனத்துறையின் சாவடிகளைக் கடந்தே செல்ல வேண்டும். மாவட்டத்தின் பெயரை மட்டும் பார்த்துப் பாலக்காட்டுப் பக்கமிருந்து வழி தேடினால் பயனில்லை. கூடலூர் என்ற பெயரில் ஓர் ஊர் குமுளி மலையடிவாரத்திலும் மற்றோர் ஊர் நீலகிரியிலும் உள்ளன. இரண்டுமே கேரள எல்லைக்கு அருகில் இருப்பவை. இலக்கைத் தேர்ந்தெடுக்கும்போது மாவட்டத்தையும் சரிபார்த்துக்கொள்வது நலம்.

கட்டணம் எவ்வாறு அமைகிறது?

காருக்கான வழிகாட்டிகள் இன்று மூன்று வகையாக உள்ளன. கட்டண முறையும் அதற்கேற்ப வேறுபடுகிறது.

முதலாவது, கண்ணாடியில் ஒட்டிவைக்கும் தனிக் கருவி. இதில் வரைபடம் கருவியிலேயே இருக்கும். ஒவ்வொரு முறையும் தனியாகப் புதுப்பிப்பை வாங்கலாம். அல்லது ‘வாழ்நாள் புதுப்பிப்பு’ என்ற உறுதியுடன் கருவியை வாங்கலாம். இந்த ‘வாழ்நாள்’ என்ற சொல்லைக் கவனமாகப் படிக்க வேண்டும். அது வாங்கியவரின் வாழ்நாளைக் குறிப்பதன்று. கருவி பயன்பாட்டுக்கு உகந்தது என்று நிறுவனம் கருதும் காலத்தையே குறிக்கும். 2018ஆம் ஆண்டில் டாம்டாம் தன் பழைய கருவிகள் சிலவற்றுக்கு இனிப் புதிய வரைபடம் வராது என்று அறிவித்தபோது, வாழ்நாள் புதுப்பிப்பு பெற்றிருந்தவர்களும் இதை உணர நேர்ந்தது. பழைய கருவியின் நினைவகம் பெருகிவரும் வரைபடத்தைத் தாங்காமல் போவதும் உண்டு. அப்போது புதுப்பிப்புக் கட்டணத்துடன் மெமரி கார்டின் விலையும் சேரும்.

இரண்டாவது, காருடன் பொருத்தப்பட்டு வரும் திரை. சில ஆண்டுகளுக்கு இலவசப் புதுப்பிப்பும், அதன் பின்னர் கட்டணமும் என்பது இதில் பரவலான ஏற்பாடு. விற்பனையகத்தில் மெமரி கார்டை மாற்றித் தருவதும் உண்டு. ஆண்டுச் சந்தாவாக வசூலிப்பதும் உண்டு. கார் வாங்கும்போதே இலவசக் காலம் எத்தனை ஆண்டு, அதன் பின் கட்டணம் எவ்வளவு, 18 விழுக்காடு ஜிஎஸ்டி அதில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது. வாகனக் கடனுக்குத் திட்டமிடுபவர்கள் காப்பீடு, பராமரிப்பு ஆகியவற்றுடன் இதையும் ஆண்டுச் செலவில் சேர்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, கைபேசிச் செயலி. ஆண்ட்ராய்டு ஆட்டோ, ஆப்பிள் கார்ப்ளே வாயிலாக இதைக் காரின் திரையிலும் காணலாம். வரைபடத்துக்குத் தனிக் கட்டணம் இல்லை. இணையத் தரவுக்கான செலவு மட்டுமே. எனினும் சின்னாற்றுக் காட்டிலும் மலைவளைவுகளிலும் கைபேசி அலைவரிசை எங்கும் கிடைப்பதில்லை. புறப்படும் முன்பே அந்தப் பகுதியின் வரைபடத்தைக் கைபேசியில் இறக்கி வைத்துக்கொண்டால் இக்குறை பெரிதும் நீங்கும். 2004ஆம் ஆண்டு தொடங்கப்பட்டுத் தன்னார்வலர்களால் வளர்க்கப்படும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்தைக் கொண்டு இயங்கும் செயலிகளும் இவ்வாறு இணையமின்றிப் பயன்படுகின்றன.

இங்கு இன்னொரு வேறுபாட்டையும் அறிய வேண்டும். வரைபடப் புதுப்பிப்பு வேறு; கருவியை இயக்கும் மென்பொருளின் புதுப்பிப்பு வேறு. பின்னது பெரும்பாலும் இலவசம், அதைத் தவறவிடக்கூடாது. ஜிபிஎஸ் அமைப்பின் வாரக் கணக்கு 1024 வாரங்களுக்கு ஒருமுறை மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்குகிறது. 2019 ஏப்ரல் 6 அன்று அவ்வாறு நேர்ந்தபோது, மென்பொருள் புதுப்பிக்கப்படாத பழைய கருவிகள் சில தவறான தேதியைக் காட்டின.

பணம் கொடுத்தாலும் கிடைக்காதது

புதிய வரைபடமும் அது திரட்டப்பட்ட நாளின் நிலையையே காட்டும். நேற்று இரவு சரிந்த மண்ணையும் இன்று காலை அடைத்த சாலையையும் அது அறியாது. மண்டல, மகரவிளக்குக் காலங்களில் கூட்டம் மிகும்போது, சபரிமலைக்குச் செல்லும் வாகனங்களைக் கம்பம்மெட்டு வழியாக அனுப்பி, திரும்பும் வாகனங்களைக் குமுளி வழியாக விடுவது தேனி மாவட்டக் காவல்துறையின் வழக்கம். கருவி குமுளியே குறுகிய வழி என்று வற்புறுத்தினாலும், சாலையில் நிற்கும் காவலரின் சொல்லே செல்லும்.

உடனுக்குடன் புதுப்பிக்கப்படும் செயலிகளும் இதற்கு விலக்கல்ல. 2024 மே மாதம் கோட்டயம் மாவட்டம் குறுப்பந்தறை அருகே, செயலி காட்டிய வழியில் சென்ற சுற்றுலாப் பயணிகள் நால்வரின் கார் மழைவெள்ளம் பெருகிய ஓடைக்குள் இறங்கிவிட்டது. நால்வரும் உயிர் தப்பினர். கார் நீரில் மூழ்கியது. ஆகவே மழைக்காலத்தில் மலையேறும் முன் மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பைப் பார்ப்பதும், சோதனைச்சாவடியில் ஒரு வார்த்தை கேட்பதும் எந்தப் புதுப்பிப்பாலும் ஈடுசெய்ய முடியாதவை. இவற்றுக்குச் செலவும் இல்லை.

கணக்குப் பார்க்கும் முறை

ஒரு புதுப்பிப்பின் விலை 4,000 ரூபாய் என்று எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ஜிஎஸ்டியுடன் அது 4,720 ரூபாய் ஆகும். ஆண்டுக்கு இருமுறை மட்டும் மூணாறு செல்லும் குடும்பத்துக்கு ஒரு பயணத்துக்கு 2,360 ரூபாய் செலவு. அவர்களுக்கு முன்கூட்டியே இறக்கிவைத்த கைபேசி வரைபடமே போதும். வாரந்தோறும் வெவ்வேறு தோட்டங்களுக்குச் சென்றுவரும் ஏல வணிகருக்கு ஒரு பயணத்துக்கு ஏறத்தாழ 91 ரூபாய்தான். இரவில், மூடுபனியில், அலைவரிசையற்ற வழியில் செல்பவருக்கு அது வீண்செலவாகாது. ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்காமல், தாம் செல்லும் வழியில் புதிய சாலையோ பாலமோ வந்த பிறகு மட்டும் வாங்குவது நடுவழி. எதுவாயினும், பணம் செலுத்தும் முன் அந்தப் புதுப்பிப்பு எந்த மாதம் வரையிலான தகவலைக் கொண்டது, அதில் கேரளமும் தமிழ்நாடும் முழுமையாக அடங்குமா, நம் கருவியின் மாதிரிக்குப் பொருந்துமா என்ற மூன்றையும் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

பணம் செலுத்தும்போது கவனிக்க வேண்டியவை

சந்தாவாக எடுத்தால், ஆண்டுதோறும் தொகை தானாகவே கழிக்கப்படலாம். 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கியின் விதிப்படி, இவ்வாறு அட்டை வழியாகக் கழிப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு வாடிக்கையாளருக்குத் தகவல் வர வேண்டும். 2022 ஜூன் மாதம் வெளியான அறிவிப்பின்படி, 15,000 ரூபாய்க்கு மேற்பட்ட இத்தகைய தொகைகளுக்குக் கூடுதல் ஒப்புதலும் தேவை. வேண்டாத சந்தாவை அந்த இடைவெளியில் நிறுத்திவிடலாம். காரை விற்கும்போது அதன் பெயரிலுள்ள சந்தாவை நிறுத்துவதையும் மறக்கலாகாது.

வெளிநாட்டு இணையதளத்தில் வாங்கினால், அந்நியச் செலாவணி மாற்றுக் கட்டணம் கூடுதலாகச் சேரும். வெளிநாட்டுப் பரிமாற்ற வசதியைத் தேவையான தொகைக்கு மட்டும் திறந்து, பணம் செலுத்தியவுடன் மூடிவிடுவது பாதுகாப்பு.

வரைபடத்தைப் புதுப்பித்துத் தருவதாகச் சொல்லும் போலி இணையதளங்களும் தொலைபேசி ‘உதவி மையங்களும்’ உண்டு. தேடுதளத்தில் முதலில் தோன்றும் எண்ணை அழைக்காமல், கருவியின் கையேட்டில் உள்ள முகவரிக்கே செல்லுங்கள். கணினியையோ கைபேசியையோ தொலைவிலிருந்து இயக்கும் செயலியை நிறுவச் சொன்னால் மறுத்துவிடுங்கள். ஓடிபி எண்ணை எவரிடமும் பகிராதீர்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கையின்படி, வங்கியின் தவறோ வாடிக்கையாளரின் தவறோ இன்றி நிகழ்ந்த மோசடியை மூன்று வேலை நாள்களுக்குள் வங்கிக்குத் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பு இல்லை. தாமே ஓடிபியைப் பகிர்ந்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு அவரையே சாரும். எனவே ஐயம் எழுந்தவுடன் வங்கிக் கிளைக்கும், 1930 என்ற தேசிய இணையக்குற்ற உதவி எண்ணுக்கும் தெரிவிப்பதில் தாமதம் கூடாது.

செல்லும் வழியையும் செல்லும் முறைகளின் எண்ணிக்கையையும் வைத்துக் கணக்கிட்டால், புதுப்பிப்பு வேண்டுமா என்பதற்கான விடை ஒவ்வொருவருக்கும் தெளிவாகக் கிடைக்கும். தேவைப்படுபவர் தயங்காமல் வாங்கலாம். தேவைப்படாதவர் அத்தொகையைச் சேமிக்கலாம். இரு சாராரும் மலையேறும் நாளில் சாலையின் நிலையைக் கேட்டறிந்து புறப்படுவதே பயணத்துக்குப் பாதுகாப்பு.