போர்க்கால மும்பை: ஒரு சைக்கிள் பாதை

மும்பையின் சாந்தாக்ரூஸ் விமான நிலையம் ஒரு போர்க்காலக் குழந்தை. அதற்கு முன் நகருக்கு வாய்த்தது, 1928-ல் தொடங்கிய ஜுஹு தளம்தான். 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து தபால் பைகளுடன் ஜே.ஆர்.டி. டாட்டா வந்திறங்கியது அங்கே. சென்னைக்கான தபால் அங்கிருந்தே மேலே பறந்தது. ஆனால் ஜுஹு கடலோரத் தாழ்நிலம். மழை வந்தால் சேறுதான். இரண்டாம் உலகப் போரின்போது, 1942-ல், பிரிட்டிஷ் விமானப்படை சற்றுக் கிழக்கே சாந்தாக்ரூஸில் பெரிய தளம் அமைத்தது. பயணிகள் விமானங்கள் 1948-ல் அங்கு இடம்பெயர்ந்தன.

இவ்விரு தளங்களையும் சைக்கிளில் சுற்றிப் பார்க்க, மாட்டுங்காவிலிருந்து செல்வோர் மாஹிம் காஸ்வேயைக் கடந்து, எஸ்.வி. ரோடு வழியே சாந்தாக்ரூஸையும் ஜுஹுவையும் எட்டலாம். விடியுமுன் கிளம்பினால்தான் நிம்மதி. பிறகு அந்தச் சாலையில் சைக்கிளுக்கு ஏது இடம்? ஓடுபாதைகளுக்குள் அனுமதி கிடையாது, சுற்றுச்சுவர்தான் துணை. ஜுஹுவில் இன்று பெரும்பாலும் ஹெலிகாப்டர்களின் இரைச்சல்.

போரின் ஆழமான வடு தெற்கே, விக்டோரியா துறைமுகத்தில். 1944 ஏப்ரல் 14 அன்று வெடிமருந்து ஏற்றிய 'ஃபோர்ட் ஸ்டிக்கீன்' கப்பல் வெடித்ததில் 66 தீயணைப்பு வீரர்கள் மாண்டனர். அந்நாளே ஆண்டுதோறும் தீயணைப்பு சேவை தினமாக அனுசரிக்கப்படுகிறது.