சூழல் மீளமைப்பு ஆய்வேடு: நடுகைக்கு முன் எழவேண்டிய வினா

சூழல் மீளமைப்பை ஆய்வுப்பொருளாகக் கொள்ளும் பட்டப்பின் படிப்பு மாணவர் பலர் முதலில் நிலத்தையும், பின்னர் கன்றுகளையும், இறுதியிலேயே வினாவையும் தேடுவர். இவ்வொழுங்கு தலைகீழானது என்பதை எமது கரையோரக் கண்டற் காடுகளைக் கொண்டு விளக்க முற்படுகின்றோம்.

2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை அனர்த்தத்தின் பின்னர் இலங்கைக் கரையோரங்களிற் கண்டல் நடுகைத் திட்டங்கள் பல மேற்கொள்ளப்பட்டன. 23 இடங்களை ஆராய்ந்து 2017 இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்றின்படி, நடப்பட்ட 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரையான பரப்பில் 200 முதல் 220 ஹெக்டேயர் வரையே பயனளித்தது. ஒன்பது இடங்களில் ஒரு கன்றேனும் எஞ்சவில்லை.

பொருந்தாத இடத்திற் பொருந்தாத இனத்தை நட்டமையும், நட்டபின் பராமரியாமையும் இத்தோல்விக்குரிய முக்கிய காரணங்களாகும். எமது கரையில் வற்றுப்பெருக்கின் உயர வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆதலின், நிலமட்டம் ஒரு சாண் தாழ்ந்தாலும் கன்று நீரில் மூழ்கியிருக்கும் நேரம் பெரிதும் கூடும். வேர் வளியின்றி அழியும்.

எனவே, 'இங்கு எதனை நடலாம்?' என்பதன்று முதல் வினா. 'இக்காடு தானாக ஏன் மீளவில்லை?' என்பதே அது. நீரோட்டம் தடைப்பட்டதா? வித்துகள் வந்து சேரவில்லையா? கால்நடைகள் முளைகளை மிதிக்கின்றனவா? நிலமட்டம், மூழ்கும் நேரம், உவர்த்தன்மை, முளைகளின் எண்ணிக்கை ஆகியவற்றை அளந்து, அருகிலுள்ள இயற்கைக் காட்டின் அளவீடுகளோடு ஒப்பிடின் விடை புலப்படும். தடையொன்றை நீக்கிப் பார்ப்பதாயின், நீக்காத துண்டுகளையும் ஒப்பீட்டிற்கென விட்டுவைத்தல் வேண்டும். ஒரு துண்டின் விளைவு தற்செயலாகலாம். பல துண்டுகளில் மீண்டும் காணப்படுவதே சான்றாகும்.

ஆய்வேட்டிற்குரிய காலமோ ஓரிரு ஆண்டுகள். காடு உருவாகப் பல ஆண்டுகள் செல்லும். வெவ்வேறு ஆண்டுகளில் நடப்பட்ட களங்களை ஒப்பிடுதல் இதற்கு ஒரு வழி. எனினும் அக்களங்கள் மண்ணாலும் நீராலும் வேறுபடக்கூடும் என்பதை மறத்தலாகாது. கீழ்க்கரையில் வடகீழ்ப் பருவமழை கடனீரேரிகளின் மட்டத்தையும் உவர்ப்பையும் மாற்றுமாதலால், முதலளவீடுகள் மாரியையும் கோடையையும் தழுவியனவாதல் அவசியம்.

கன்றுகள் பட்டுப்போன நிலத்தை மாணவர் ஒதுக்கவேண்டியதில்லை. காரணம் கண்டறியப்படின் அதுவும் சிறந்த ஆய்வேடாகும். காரணம் அறியப்படாது தழைத்த நிலமோ அடுத்த களத்திற்கு வழிகாட்டாது.