களிமண் தகட்டில் கைவண்ணம்

களிமண் என்றதும் நமக்குப் பானையும் அகலும் கொலு பொம்மையும்தான் ஞாபகம் வரும். 'இன்னது' என்று பெயர் சொல்ல முடியாத ஓர் உருவத்தை, அதன் வளைவுக்காகவும் அதில் விழும் நிழலுக்காகவுமே செய்து பார்த்திருக்கிறீர்களா? இதை நவீன சிற்பம் என்கிறார்கள். புதுச்சேரியில் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-ல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் மட்பாண்டக் கூடத்தில் பயின்ற பலர் இன்று மண் சிற்பக் கலைஞர்கள். சப்பாத்தி இடத் தெரிந்த நமக்கும் இதில் பாதி வேலை தெரிந்த மாதிரிதான்!

பக்குவப்படுத்திய மண்ணைக் குயவரிடமே கேட்டு வாங்குங்கள். சுட்ட ஓட்டை இடித்துச் சலித்த குருணையை ஐந்தில் ஒரு பங்கு கலந்து பிசைந்தால் விரிசல் குறையும்.

கோணித் துணியில் மண்ணை வைத்து, இரு பக்கமும் ஒரு சென்டிமீட்டர் கனமுள்ள மரச் சட்டங்களைப் போடுங்கள். குழவி சட்டங்களின் மேலேயே ஓடும்படி தேய்த்தால், தகடு ஒரே கனமாக வரும். கனம் மாறினால் ஒரு பக்கம் முந்திக் காயும். அங்கேதான் விரிசல் விடும்.

புதுத் தகட்டை நிமிர்த்தினால் தொய்ந்து விழும். துணியோடு ஒரு குடத்தின்மேல் சாய்த்து வளைய விடுங்கள். செருப்புத் தோல் மாதிரி விறைப்பானதும் வெட்டி ஒட்டலாம். ஒட்டும் விளிம்புகளை முள்கரண்டியால் கீறி, மண்கூழ் தடவி, நன்றாக அழுத்தணும். உள்பக்கம் மெல்லிய மண் திரி வைத்துத் தேய்த்தால் இன்னும் உறுதி. மூடிய உருவமானால் அடியில் ஒரு துளை அவசியம்.

இனிமேல் வேண்டியது பொறுமை. பிளாஸ்டிக் தாளால் மூடி, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, பத்து நாள் காயவிடுங்கள். கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்கிறதா? உள்ளே இன்னும் ஈரம் இருக்கு என்று அர்த்தம். அப்படியே சூளையில் வைத்தால், 100 டிகிரியில் நீர் ஆவியாகி உருவத்தையே வெடிக்க வைத்துவிடும். நன்றாகக் காய்ந்ததை மெதுவாகச் சூடேற்றி, 900 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுடுவார்கள். பத்து அங்குலம் வைத்தது ஏறக்குறைய ஒன்பதாகச் சுருங்கும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. காய்ந்த மண் தூசியில் சிலிக்கா உண்டு. பல நாள் சுவாசித்தால் நுரையீரல் கெடும். அதனால் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். ஈரத் துணியால் துடையுங்கள். காய்ந்த உருவத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம். சமையலறைக் குழவியை இதற்கு எடுக்காதீர்கள். மண் கரைந்த நீரை அங்கணத்தில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும், செடிக்கு ஊற்றுங்கள்.

"இதனால என்ன பிரயோஜனம்?" என்று வீட்டில் கேட்பார்கள். என் மாமியாரும் கேட்டார். "ஒண்ணுமில்லே அத்தை. நாம செய்யற சமையல் சாயங்காலத்துக்குள்ளே தீர்ந்துடுது. இது இருக்கும், அதான்" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் அலமாரியில் அதற்கு இடம் ஒதுக்கித் தந்தவர் அவர்தான்.